கட்டை இறங்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் யார்?

மரம் இழுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு,

என்னை மேடையேறி நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். கிழவனுக்குத் தலைக்கனம் என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. தலைக்கனம் இல்லை. பேச ஆரம்பித்தால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. சபையில் ஏன் அசிங்கம் என்றுதான் எழுதித் தருகிறேன்.

போன மாதம் நோர்வூட்டுக்கு பஸ்ஸில் போனபோது உங்கள் வேலையைப் பார்த்தேன். டிராக்டர் மேட்டில் நின்றது. கம்பிவடம் போட்டுக் கட்டையை இறக்கிக்கொண்டிருந்தீர்கள். கீழே தேயிலைக்குள் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் குடை பிடித்து நின்ற ஓர் ஐயா கையை ஆட்டினார். உடனே வடத்தைத் தளர்த்திவிட்டீர்கள். ஒன்றும் ஆகவில்லையே என்பீர்கள். ஒன்றும் ஆகாத நாட்கள் எனக்கும் நிறைய இருந்தன. ஒரு வருஷம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை.

நான் பதினேழு வருஷம் மாடு கட்டி மரம் இழுத்தவன். நுகத்தடி எப்படிச் செதுக்குவது, மாட்டுக்கு லாடம் எப்போது மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை, நானும் சொல்லப்போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். கட்டை இறங்கும்போது மேலே நிற்பவனுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்கிற விஷயம். இதை நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு பெண்ணின் கை போனது. அதனால் கொஞ்சம் காது கொடுத்துப் படியுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கொழுந்தைக் காயவைக்கும் அடுப்புக்கு விறகு வேண்டும். விறகுக்காக வளர்த்த டர்பன்டைன் மரங்கள் எல்லாம் மலையுச்சியில் நின்றன. அங்கே லொறி போக ரோடு கிடையாது. வெட்டிச் சாய்த்த மரத்தைச் சங்கிலியில் கட்டி, மாடுகளை வைத்து, தேயிலை மலைக்கு மேலாகச் சரிவாக வெட்டிய ஒற்றைப் பாதை வழியே ரோடு வரைக்கும் இழுத்து வருவோம். முன்னால் மாடுகளோடு நான் போவேன். பின்னால் நீள இரும்பு அலவாங்கோடு மாடசாமி வருவான். கட்டை பாதையை விட்டு நழுவினால் அலவாங்கைக் குத்தித் தடுப்பது அவன் வேலை. எங்களிடம் செவலை, மயிலை என்று இரண்டு மாடுகள் இருந்தன. மயிலை சாது. செவலை பக்காத் திருடன். கொழுந்தில் வாய் வைக்காது, ஆனால் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கையா வீட்டு முட்டைக்கோவாப் பாத்தி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு போகும்.

பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் இடம் எங்கள் மலை. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் இருந்தது. கட்டையை நகர்த்துவதற்கு முன்னால் நான் கீழே பார்த்து, “கட்டை வருதேய்” என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். கீழே நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையோடு பக்கத்துத் தண்ணிக் கானைத் தாண்டி ஒதுங்கிக்கொள்வார்கள். கடைசி ஆள் தாண்டிய பிறகு அவர்களில் ஒருத்தி, “போடலாங்க” என்று குரல் கொடுப்பாள். அந்தக் குரல் வந்த பிறகுதான் மாட்டை ஓட்டுவோம். இதை எந்தத் துரையும் எழுதி வைக்கவில்லை. மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களுமாகச் சேர்ந்து ஏற்படுத்திக்கொண்டது.

பெண்கள் ஒதுங்கி நின்று திரும்ப நிரைக்கு வருவதற்கு எவ்வளவு நேரமாகும்? ஒரு பீடி குடிக்கிற நேரம். அந்த நேரத்தில் கொழுந்து குறைகிறதே என்று நிரைக் கங்காணிக்கு வயிற்றெரிச்சல். முதலில் பெண்களை ஒதுக்கிவிட்டு அவரே பதில் குரல் கொடுக்க ஆரம்பித்தார். ஆம்பளைக் குரல் கணீரென்று வருகிறது, நல்லதுதானே என்று நாங்களும் இருந்துவிட்டோம். பிறகு பாதிப் பேர் ஒதுங்கும்போதே “போடு” என்றார். அதற்கும் பிறகு யாரையும் ஒதுக்காமலே “போடு” என்றார். கட்டை பாதையை விட்டு இறங்குவது அபூர்வம் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நினைக்காதீர்கள். எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கை போன அன்று காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கண்டாக்கையா எங்களைக் கூப்பிட்டார். மூன்று நாளாக மழை. ஸ்டோரில் காய்ந்த விறகு தீர்ந்துகொண்டிருந்தது. துரை அவரைத் திட்டியிருப்பார் போலிருக்கிறது, முகம் கடுகடுவென்று இருந்தது.

“இன்னைக்கு எட்டுக் கட்டை ரோட்டுக்கு வந்தாகணும்” என்றார்.

மாடசாமி தலையைச் சொறிந்தான். “ஐயா, அந்தப் பாதைக்குக் கீழ இன்னைக்குக் கொழுந்து எடுக்குறாங்களே. மண்ணு வேற எளகிக் கெடக்கு. நாளைக்கு அவங்க வேற மலைக்குப் போயிருவாங்க, அப்ப இழுத்துக்கலாங்களா?”

“அவங்க வேலைய அவங்க பாப்பாங்க. ஒன் வேலைய நீ பாரு.”

மாடசாமி என்னைப் பார்த்தான். நான் கண்டாக்கையாவைப் பார்த்து, “சரிங்கையா” என்றேன்.

அந்த “சரிங்கையா”வை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. யோசித்துச் சொன்னதில்லை. தும்மல் வருகிற மாதிரி வரும் அது. அப்பன் சொன்னான், அவனுக்கு முன்னால் தாத்தன் சொன்னான், நானும் சொன்னேன். எங்களை இலங்கை, இந்தியா எந்த நாட்டுக் கணக்கிலும் சேர்க்காமல் வைத்திருந்த காலம் அது. தோட்டத்தை விட்டு நிறுத்தினால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும், பொண்டாட்டி பிள்ளையோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும். அந்தப் பயம் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பயம் இருந்தது என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது.

நாலு கட்டை ஒழுங்காக இறங்கியது. ஐந்தாவது நல்ல பெருத்த அடிமரம். பனி இறங்கி மாட்டின் கொம்பே மங்கலாகத் தெரிந்தது. நான் மூன்று தரம் கூப்பிட்டேன். மூன்றாவது கூப்பாடு முடிவதற்குள்ளேயே கீழேயிருந்து, “போடு, போடு” என்று பதில் வந்தது.

மாடசாமி பின்னாலிருந்து சொன்னான். “இது கங்காணி கொரலுல்ல?”

“ஆமா.”

“பொம்பளைக சத்தத்தையே காணமே. ஒதுங்குனா கலகலன்னு பேச்சு கேக்குமே.”

“அவருதான் சொல்றாருல்ல. நேரமாகுது, அலவாங்கப் புடி” என்றேன்.

அந்த வார்த்தையைச் சொன்னவன் நான். பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் எல்லாம் மாடசாமி அவசரப்பட்டான் என்று சொன்னார்கள். அவன் செத்து எவ்வளவோ காலமாகிவிட்டது, வந்து மறுத்துப் பேச முடியாது. அவன் அவசரப்படவில்லை. அவசரப்பட்டவன் நான்தான்.

முப்பது அடி போயிருப்போம். பாதையின் வெளிவிளிம்பு மண் சரிந்தது. கட்டையின் பின்பக்கம் பாதையை விட்டுக் கீழே இறங்கியது. அந்தக் கனம் சங்கிலி வழியாக இரண்டு மாட்டையும் பின்னுக்கு இழுத்தது. இப்படி ஆனால் என்ன செய்வது என்பது எங்களுக்குப் பழக்கம். சங்கிலியை நுகத்தோடு சேர்ப்பது ஒரு மரமுளை. கொட்டாப்புளியால் ஒரே தட்டுத் தட்டினால் முளை கழன்றுவிடும். மாடு பிழைத்துக்கொள்ளும், கட்டை தன்பாட்டில் உருண்டு கீழே போகும். நான் கொட்டாப்புளியை ஓங்கிவிட்டேன்.

அப்போது எனக்கு நேர் கீழே, பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “அக்கா, இந்தக் கூடைக் கயித்தக் கொஞ்சம் தூக்கி வுடு.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. கீழே ஆட்கள் நிரையில்தான் நிற்கிறார்கள். எத்தனை பேர், எங்கே என்று தெரியாது. முளையைத் தட்டினால் அந்த அடிமரம் நேராக அவர்கள் மேல்தான் போகும். தட்டாவிட்டால் மாடுகள் போகும், மாடுகளோடு நானும் போகலாம். “ஓடுங்க, ஓடுங்க” என்று கத்திக்கொண்டே கொட்டாப்புளியை வீசியெறிந்துவிட்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாடுகளை மேட்டுச் சுவரோடு அழுத்தினேன். மயிலை மண்ணில் தோளைக் கொடுத்து நின்றுவிட்டது. வெளிப்பக்கம் இருந்த செவலைக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. பின்னங்கால் இரண்டும் பாதையை விட்டு இறங்கின. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மாடசாமி அலவாங்கைத் தேயிலைத் தூரில் குத்தி அதன்மேல் விழுந்து கிடந்தான். சங்கிலி தாங்கியது. கட்டை அரைவட்டமாகச் சுழன்று மேல் நிரையைக் கூட்டித் தள்ளிவிட்டு நின்றது.

மேல் நிரையில் இருந்தவர் பாக்கியக்கா. நாற்பது வயதிருக்கும், அந்த மலையில் அவரைப் போலக் கொழுந்து எடுக்க ஆள் கிடையாது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். கட்டைக்கும் தேயிலைத் தூருக்கும் நடுவில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. நானும் மாடசாமியும் இறங்கிப் போய்க் கட்டையை நெம்பி அந்தக் கையை எடுத்தோம். அதற்கு மேல் அந்தக் கையைப் பற்றி எழுத மாட்டேன்.

செவலையை மத்தியானம் துரை வந்து துப்பாக்கியால் சுட்டார். துப்பாக்கியைப் பார்த்தபோதும் அது தின்ன ஏதாவது கொண்டுவந்திருக்கிறாரா என்றுதான் கழுத்தை நீட்டியது.

அன்று சாயங்காலம் லயமே என் காம்பராவுக்கு வந்தது. மாட்டைக் கொடுத்து மனுஷரைக் காப்பாற்றினாய் என்றார்கள். சமயோசிதம் என்றார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது. தம்பிமாரே, உங்களிடமும் சமயோசிதம் பற்றிப் பேசுவார்கள். ஆபத்தில் ஒரு நொடியில் முடிவெடுத்தான் என்று புகழ்வார்கள். நம்பாதீர்கள். நான் முடிவெடுக்க வேண்டிய நேரம் கட்டை சரிந்த நேரம் இல்லை. கங்காணி குரல் வந்ததே, மாடசாமி கேட்டானே, அதுதான் நேரம். அப்போது நின்று நிதானமாக யோசிக்க எனக்கு எவ்வளவோ அவகாசம் இருந்தது, நான் யோசிக்கவில்லை.

நாலு நாள் கழித்து ஆபீசில் விசாரணை வைத்தார்கள். துரை நாற்காலியில், கண்டாக்கையா பக்கத்தில், நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டு. பாக்கியக்கா கையில் பெரிய கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். கீழேயிருந்து பதில் குரல் கொடுத்தது யார் என்று துரை கேட்டார்.

கங்காணி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். “நான் வாயே தொறக்கலீங்க தொரை. காத்துச் சத்தத்தக் கேட்டுட்டு ஓட்டிட்டான்.”

பாக்கியக்கா முன்னால் வந்தார். “கங்காணி பொய் சொல்றாருங்க தொரை. அவருதான் போடு போடுன்னாரு. நாங்க ஒதுங்கப் போனோம். சும்மா நின்னு எடுங்க புள்ள, அவன் தெனமும் இப்புடித்தான் கத்துவான்னு சொன்னாரு.”

துரை என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. கங்காணி குரல் கேட்டதா?”

கண்டாக்கையா என்னைப் பார்த்தார். கங்காணியும் பார்த்தார். “பனியில சரியா வெளங்கலீங்க தொரை” என்றேன்.

அவ்வளவுதான். மழையில் மண் சரிந்ததால் வந்த விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். கங்காணி கங்காணியாகவே இருந்தார். எனக்குப் புது மாடு வந்தது.

ஆபீஸ் படியிறங்கி வந்ததும் பாக்கியக்கா எனக்காக நின்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவரு பொய் சொன்னாரு. அவரு பொழப்பு அப்புடி” என்றார். “நீ ஏந்தம்பி மாட்ட ஓட்டுன? எங்க கொரலு ஒனக்குத் தெரியாதா? தெனமும் கேட்டவந்தானே.”

கட்டுப் போட்ட கையை மாரோடு அணைத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவரைத் திரும்ப மலைக்கு அனுப்பினார்கள். வலது கையில் இரண்டு விரல்தான் மடங்கும். இடது கையால் பறித்து, வலது மணிக்கட்டால் கூடைக்குள் தள்ளுவார். இருட்டும் வரை நின்றாலும் கூடை நிறையாது. அதற்கும் அந்தக் கங்காணி, அடுத்த நிரைக்குக் கேட்கும்படி வாய்க்கு வந்ததைப் பேசுவார். மேலே மாட்டோடு நிற்கும்போது அது எனக்கும் கேட்கும். குரல் விளங்கவில்லை என்று துரையிடம் சொன்னவனுக்கு அப்போது ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது. அந்த ஆளைக் கொன்றுபோடலாம் என்றிருக்கும். என்னையும் சேர்த்துத்தான்.

அந்த மாதமே மறுபடியும் அதே பாதையில் கட்டை இறக்க வேண்டி வந்தது. பாதையைக் கல் வைத்துக் கட்டியிருந்தார்கள், அன்றும் பனிதான். மூன்று தரம் கூப்பிட்டேன். “போடு, போடு” என்று கீழேயிருந்து பதில் வந்தது. அதே குரல். இவ்வளவு நடந்த பிறகும் அந்த ஆளுக்கு அந்த வாய் இருந்தது.

நான் மாட்டை ஓட்டவில்லை. கட்டையின் மேல் உட்கார்ந்தேன். மாடசாமி முளையை உருவி எடுத்து மடியில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “போடு” என்று திரும்பத் திரும்பக் கீழேயிருந்து சத்தம் வந்தது. நாங்கள் அசையவில்லை. கடைசியில் ரோட்டில் நின்றிருந்த கண்டாக்கையா மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார்.

“என்னா, மாடு படுத்துக்கிச்சா?”

“மாடு நிக்குதுங்க. நாங்கதான் உக்காந்திருக்கோம்.”

“கீழேருந்து பதில் வந்துச்சா இல்லியா?”

“வந்துச்சுங்க. கங்காணி கொரல் வந்துச்சு.”

“அப்புறம் என்னா?”

“கட்டை சரிஞ்சா கங்காணி மேல விழாதுங்க. அவரு கானுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாரு. யாரு மேல விழுமோ அவங்க சொல்லட்டும்.”

அவருக்கு முகம் கறுத்தது. “பத்துச்சீட்டக் குடுத்து இன்னைக்கே தோட்டத்த விட்டு வெரட்டுறேன். பொண்டாட்டி புள்ளையோட எந்த ரோட்டுல போய் நிக்கிறேன்னு பாக்குறேன்.”

வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை. என் சின்னவள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். காம்பராவில் எங்களுக்கு இருந்த இரண்டு பானையும் ஒரு தகரப் பெட்டியும் ரோட்டோரம் மழையில் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

“குடுங்கையா, வாங்கிக்கிறேன்” என்றேன். “ஆனா அவங்க சொல்ற வரைக்கும் மாட்டு மேல கை வைக்க மாட்டேன்.”

மாடசாமி, “எனக்கும் சேத்து ஒண்ணு எழுதிருங்கையா” என்றான்.

அவர் பதில் சொல்வதற்குள் நான் எழுந்து பாதையின் விளிம்புக்குப் போனேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, பனிக்குள் குனிந்து கூப்பிட்டேன். “கட்டை வருதேய். பாக்கியக்கா, நீங்க சொல்லுங்க.”

கீழே கங்காணி யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பாக்கியக்கா என்னிடம் பேச மாட்டார், ஏன் பேச வேண்டும் என்று நினைத்தேன். இன்னொரு தரம் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கிட்டத்தில், என் காலுக்கு நேர் கீழே மேல் நிரையிலிருந்து பாக்கியக்காவின் குரல் வந்தது.

“போடாத தம்பி. இருபது பேரும் இங்கனதான் நிக்கிறோம்.”

கண்டாக்கையா என் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் கேட்டது.